க்ஷேமத்தைச் சுமப்பவர்

மும்பையில் மாதுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பழைய கடிதக் கட்டு ஒன்று அகப்படுவது வழக்கம். நீல நிற இன்லண்டு தாள். ஓரம், மடிப்பு எதையும் விட்டுவைக்காமல் நுணுக்கி எழுதிய எழுத்து. எழுதியவர் தஞ்சாவூர்க்காரராயினும் பாலக்காட்டுக்காரராயினும் திருநெல்வேலிக்காரராயினும் தொடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். சிலர் 'உபயகுசலோபரி' என்று எழுதுவார்கள். சிலர் 'இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்திற்கு எழுதவும்' என்பார்கள். இன்னும் சிலர் 'நலம், நலமறிய அவா' என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள்.

உபயம் என்பது இரு தரப்பு. குசலம் என்பது நலம். உபரி என்பது அதற்கு மேல். இரு தரப்பாரின் நலத்தையும் பரிமாறிக்கொண்ட பிறகு எழுதுவதாவது என்பது அந்தச் சொல்லின் பொருள். கிணறு வற்றியதும், தங்கைக்கு வரன் வந்ததும், நிலத்தை அடகு வைக்க நேர்ந்ததும் அதற்குப் பின்னரே இடம்பெறும். அந்தக் கடிதம் பம்பாய் வந்து சேரப் பல நாட்கள் ஆகும். 'அனைவரும் க்ஷேமம்' என்ற வரியை மகன் படிக்கும் வேளையில் அந்த க்ஷேமம் பழங்கதையாகியிருக்கவும் கூடும். இது எழுதியவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும். ஆயினும் அந்த ஒரு வரிக்காகவே தபால்காரரின் வருகையை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள்.

இன்று அத்தகைய காத்திருப்பு இல்லை. நம் நாட்டில் கைபேசிச் சேவை 1995 ஜூலை 31ஆம் நாள் தொடங்கியது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. 'தந்தி' என்ற குரல் வாசலில் கேட்டால் வீடு முழுவதும் நடுங்கிய காலத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வதே கடினம். மகள் கல்லூரியிலிருந்து புறப்பட்டதும், எந்த நிலையத்தைக் கடக்கிறாள் என்பதும் தாயின் கைபேசியில் ஒரு புள்ளியாக நகர்கின்றன. மழை நாளில் பல இல்லங்களில் நிகழும் உரையாடல் இப்படி இருக்கும்:

"எங்கேயடி இருக்கிறாய்? ஏன் ஃபோனை எடுக்கவில்லை?"

"குர்லாவில்தான் அம்மா. உன் ஃபோனிலேயே தெரிகிறதே, பிறகு எதற்குப் பத்து முறை கூப்பிடுகிறாய்?"

"புள்ளி அரைமணியாக நகரவே இல்லையே!"

"வண்டியே நகரவில்லை அம்மா, புள்ளி எப்படி நகரும்?"

மகளின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. தாயின் பதற்றத்திலும் பொய் இல்லை. ஆனால் இங்கே ஒரு வியப்பு உண்டு. பத்து நாள் பழைய க்ஷேமத்தைப் படித்துவிட்டு ஒருவாறு மனந்தேறி அடுப்பங்கரைக்குப் போனாள் பாட்டி. நொடிக்கு நொடி புதிய செய்தி கிடைத்தும் அவளுடைய பேத்திக்கு மனம் தேறவில்லை. பாட்டிமார்கள் கவலையற்று இருந்தார்கள் என்பதல்ல. அவர்கள் பட்ட கவலைகள் ஏராளம். ஆனால் செய்தி பெருகினால் கவலை குறையும் என்று நம்பித்தானே இத்தனை கருவிகளும் வீட்டுக்குள் வந்தன? அது ஏன் நிகழவில்லை?

ஒரு சொல்லின் இரு பகுதிகள்

க்ஷேமம் என்பது சாஸ்திரங்களில் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. யோகத்தோடு சேர்ந்து யோகக்ஷேமம் என்று வரும். இங்கு யோகம் என்பது ஆசனமோ பிராணாயாமமோ அன்று. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்திற்கு உரை செய்யும் ஸ்ரீ சங்கரர் இதைத் தெளிவாக வகுக்கிறார்: இதுவரை கிட்டாததைப் பெறுவது யோகம், கிட்டியதைக் காப்பது க்ஷேமம். இல்லறத்தாரின் நாளெல்லாம் இந்த இரண்டிற்குள் அடங்கிவிடுகிறது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வாங்குவது யோகம். அவன் நல்லபடியாகப் படித்து முடிப்பது க்ஷேமம். வீடு வாங்குவது யோகம். மாதத் தவணை தவறாமல் அந்த வீட்டைக் காப்பது க்ஷேமம். பெறுவதைவிடக் காப்பது கடினம் என்பதை எந்தக் குடும்பத் தலைவிக்கும் உபதேசிக்க வேண்டியதில்லை.

தன்னையே நினைந்து, வேறொன்றையும் நாடாதிருக்கும் அன்பர்களின் யோகக்ஷேமத்தைத் தானே சுமப்பதாக அங்கே பகவான் வாக்களிக்கிறார். அந்த வாக்கிலிருந்துதான் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் முத்திரைத் தொடரை எடுத்துக்கொண்டது. 1956 செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தின் மத்திய அலுவலகம் மும்பை நாரிமன் பாயிண்டில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பெயரே 'யோகக்ஷேமா'. ஒரு சுடரை இரு கைகள் அணைத்துக் காப்பது கழகத்தின் சின்னம். தவணை அட்டையிலும் ரசீதிலும் அந்தச் சின்னத்தைப் பார்த்துப் பழகிய பலருக்கு அத்தொடர் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. கைகளைச் சின்னமாக வைத்தவர் யாராயினும் பொருள் அறிந்தே வைத்திருக்கிறார். சுடர் அணையாமல் இருக்க அதை எட்ட நின்று பார்த்தால் போதாது. காற்று வரும் பக்கத்தில் கையை வைக்க வேண்டும்.

தைத்திரீய உபநிஷதத்தின் பிருகுவல்லி நிறைவடையும் பகுதியில் ஓர் உபாசனை வருகிறது. பரம்பொருளைப் பேச்சில் க்ஷேமமாகவும், உள்ளும் புறமும் செல்லும் மூச்சில் யோகக்ஷேமமாகவும், கைகளில் செயலாகவும், கால்களில் நடையாகவும் தியானிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பேச்சுக்குரிய இடம் எது என்பதை ரிஷிகள் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள்! வாயிலிருந்து வரும் சொல், கேட்பவனின் க்ஷேமத்தைக் காக்கும் சொல்லாக இருக்க வேண்டும். ஆனால் உபநிஷதம் வாக்கோடு நின்றுவிடவில்லை. உடனே கைகளுக்கும் கால்களுக்கும் வந்துவிடுகிறது. அதற்குச் சற்று முன்னால், தங்க இடம் கேட்டு வந்த எவரையும் மறுக்கலாகாது, இது விரதம் என்று சொல்லி, ஆகவே உணவை மிகுதியாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதிக்கிறது. வேதாந்த நூலில் அரிசி மூட்டைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அந்தப் பகுதியே பதில்.

கொடுக்கிறானா, சுமக்கிறானா?

பெரியோர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. கீதைக்கு உரை எழுதிவந்த ஏழைப் பண்டிதர் ஒருவர் இந்த ஒன்பதாம் அத்தியாயத்திற்கு வந்ததும் தயங்கினார். உலகனைத்தையும் ஆள்பவன் தன் தோளில் மூட்டை தூக்குவானா? யாரையாவது ஏவிக் கொடுக்கச் செய்வான் என்றால் பொருந்தும். ஏடு எழுதியவர் பிழை செய்திருக்க வேண்டும் என்று எண்ணி, 'சுமக்கிறேன்' என்ற சொல்லை எழுத்தாணியால் கீறிவிட்டு, 'கொடுக்கிறேன்' என்று பொருள்படும் சொல்லை மேலே எழுதினார். பிறகு அன்றைய உணவுக்கு வழி தேடி வெளியே சென்றார்.

அவர் போன சற்று நேரத்தில் ஒரு சிறுவன் அரிசியும் பருப்பும் நெய்யுமாகப் பெரிய சுமையைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். உடலில் இரத்தம் கசியும் கீறல்கள்.

"குழந்தாய், உன்னை யாரப்பா இப்படிக் கீறினார்கள்?" என்று பதறினாள் பண்டிதரின் மனைவி.

"உங்கள் வீட்டுப் பண்டிதர்தான் அம்மா. சுமையை நானே தூக்கி வருகிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை" என்றான் சிறுவன்.

வெறுங்கையோடு திரும்பிய பண்டிதர் நடந்ததைக் கேட்டதும் ஏட்டை எடுத்துத் தாம் கீறிய இடத்தைப் பார்த்தார். பிறகு வேறு உரை தேவைப்படவில்லை.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த அன்பர்கள் பலர். ஆனால் கதையை இறைவனோடு நிறுத்திக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. கொடுப்பதற்கும் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு இல்லறத்திலும் உண்டு. கொடுப்பவன் இருக்கும் இடத்திலிருந்தே கொடுக்கலாம். சுமப்பவன் வர வேண்டும். கொடுத்ததும் கணக்கு முடிகிறது. சுமக்கும்போது பாரம் தோளில் அழுந்துகிறது; கீறலும் படுகிறது. இக்காலக் கருவிகள் கொடுப்பதை மிகமிக எளிதாக்கிவிட்டன. பணம் நொடியில் போகிறது. பாலும் மருந்தும் சில நிமிடங்களில் வாசலுக்கு வருகின்றன. அறிவதையும் எளிதாக்கிவிட்டன. ஆனால் சுமப்பதை எந்தக் கருவியாலும் எளிதாக்க முடியவில்லை. அன்றும் இன்றும் அதற்கு ஒரு தோள்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. முருகனுக்கு உகந்த நாள். செம்பூர் செடா நகரிலுள்ள திருச்செம்பூர் முருகன் கோயிலின் 108 படிகளிலும் சாதாரணமாக மாலையில் கூட்டம் இருக்கும். அன்று பிற்பகலில் தொடங்கிய மழை, சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே காலத்தில் தென் மும்பையின் கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர்தான். ஆகவே கோட்டைப் பகுதி அலுவலகங்களில் இருந்தவர்களுக்குப் புறநகரில் நடந்துகொண்டிருந்தது தெரியவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வழக்கமான ஆடி மாத மழை. அங்கிருந்து சில மைல் தொலைவில் குர்லாவில் மித்தி நதி கரை கடந்து வீடுகளுக்குள் புகுந்துகொண்டிருந்தது. கடலிலும் ஏற்ற நேரம். வடிய வேண்டிய நீருக்குப் போக்கிடம் இல்லை. மாலையில் புறப்பட்டவர்கள் நடுவழியில் நின்றார்கள். ரயில் நின்றது. பேருந்துகளின் மாடியில் ஏறி இரவைக் கழித்தவர்கள் உண்டு. பள்ளியிலேயே தங்க நேர்ந்த குழந்தைகள் உண்டு. மகாராஷ்டிர மாநிலம் முழுவதும் அந்த மழையில் ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் பறிபோயின.

கைபேசி மும்பைக்கு வந்து அப்போது பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பல குடும்பங்களில் ஒன்றாவது இருந்தது. ஆனால் அன்று மாலை இணைப்புகள் திணறின. மின்சாரம் போனதால் பல கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடுப்பில் ஏற்றிய சாம்பாரை இறக்கவும் மறந்து, 'இப்போது வந்துவிடுவார், இப்போது வந்துவிடுவாள்' என்று பால்கனியில் நின்ற பெண்களுக்கு, இரவு முழுவதும் ஒரு செய்தியும் கிடையாது.

அந்த இரவில்தான் இந்நகரம் பிற்காலத்திலும் மறவாத ஒன்றைச் செய்தது. நெடுஞ்சாலைகளில் இடுப்பளவு நீரில் நடந்து வந்தவர்களுக்குச் சாலையோரத்து மக்கள் தேநீரும் பிஸ்கட்டும் குடிநீரும் கொடுத்தார்கள். முகம் தெரியாதவர்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாகி மற்றவர்களைக் கரை சேர்த்தார்கள். எவர் பெற்ற பிள்ளையோ எவர் வீட்டிலோ உலர்ந்த ஆடை உடுத்தி உறங்கியது. கொடுத்தவர்களில் பலர் குடிசைவாசிகள். அவர்கள் வீட்டிலும் நீர் நின்றது. உபநிஷதம் விதித்த விரதத்தை அவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. செம்பூர்ப் பால்கனியில் நின்றவளுக்குத் தன் கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் அவள் வீட்டு வாசல் வழியே நனைந்துகொண்டு போன யாரோ ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியும். அவள் கண்முன்னே இருந்தார். அவருக்கு அவள் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். அதே வேளையில் சயானிலோ குர்லாவிலோ யாரோ ஒருத்தி அவள் கணவருக்குத் தேநீர் கொடுத்திருக்கக் கூடும். தன் வீட்டு க்ஷேமத்தைத் தன்னால் காக்க முடியாத இரவில், கைக்கு எட்டிய பிறர் க்ஷேமத்தை அந்நகரத்தார் சுமந்தார்கள். அவரவர் க்ஷேமம் எங்கோ ஓரிடத்தில் வேறொருவர் தோளில் இருந்தது. 'உபயகுசலம்' என்ற சொல்லுக்கு இதைவிட விரிந்த பொருளை அகராதியில் காண முடியாது.

இன்னொரு செவ்வாய்க்கிழமை

இருபது ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டு 19. அன்றும் செவ்வாய்க்கிழமை, அன்றும் பெருமழை. தண்டவாளங்களில் நீர் நின்றதால் துறைமுக வழித்தட ரயில்கள் நிறுத்தப்பட்டன. வீடு திரும்ப வேண்டியவர்கள் எல்லாம் மோனோ ரயிலை நாடினார்கள். செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே 2014 பிப்ரவரியில் ஓடத் தொடங்கி, 2019இல் நீட்டிக்கப்பட்ட இந்த வண்டியில் மற்ற நாட்களில் இவ்வளவு நெரிசல் இருந்ததில்லை. அன்று காலை வைக்க இடமில்லை. மாலையில் மைசூர் காலனி நிலையத்திற்கும் பக்தி பார்க் நிலையத்திற்கும் நடுவில், தூண்களின் மேல், அது நின்றுவிட்டது. (பெயரைக் கொண்டு பக்தி பார்க்கைப் பூங்கா என்று எண்ண வேண்டாம், அது ஒரு குடியிருப்பு.) வண்டி தாங்கக் கூடிய எடை 104 டன், அன்று ஏறியிருந்தது 109 டன், பாரம் மிகுந்ததால் மின் கம்பிக்கும் வண்டிக்கும் இருந்த தொடர்பு அறுந்தது என்று நிர்வாகம் விளக்கியது.

விளக்கும் குளிர்சாதனமும் நின்றன. கதவைத் திறந்து இறங்கி நடக்க அங்கே வழி கிடையாது. உள்ளே 582 பேர். மூச்சு முட்டியவர்கள் கண்ணாடியை உடைக்க முயன்றார்கள். 2005ஆம் ஆண்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு: இம்முறை கைபேசிகள் வேலை செய்தன. உள்ளிருந்தவர்கள் எடுத்த காட்சிகளை அதே மாலையில் நாடு முழுவதும் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. எந்த இடம், எந்தப் பெட்டி, யார் பக்கத்தில், எவ்வளவு வியர்வை என்பதுவரை தெரிந்தது. தெரிந்துகொண்டு துடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

கைபேசியைப் பழித்துப் பேசுவது பிரசங்க மேடைகளுக்கு எளிய காரியம். ஆனால் அந்த மாலையில் உதவி கேட்டு வெளியே போன குரல்கள் கைபேசி வழியாகத்தான் போயின என்பதை மறக்கலாகாது. 2005இல் அவை ஒழுங்காக ஒலித்திருந்தால் சில உயிர்கள் தப்பியிருக்கவும் கூடும். செய்தி கொண்டுபோவது அதன் தர்மம். அதை அது செய்தது. அதற்கு மேல் நடந்தது தீயணைப்பு வீரர்களின் வேலை. உயரத் தூக்கும் ஏணி வண்டிகளைத் தூண்களுக்கு அருகே நிறுத்தி, மழையில் நனைந்தபடி, கண்ணாடியைத் திறந்து, ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினார்கள். மூன்று மணி நேரத்திற்கும் மேலாயிற்று. சிலருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது; உயிரிழப்பு இல்லை. நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது சுமந்தவர்கள் அந்தச் சிலர்தாம். அவர்களில் ஒருவர் பெயர்கூட வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம், செப்டம்பர் 20ஆம் நாள் முதல், சீரமைப்புக்காக அந்த வண்டி நிறுத்தப்பட்டது.

யாருக்காக இந்த விசாரிப்பு?

இனி அந்தத் தாயிடமும் நகராத புள்ளியிடமும் திரும்பலாம். கீதையிலேயே ஒரு முரண் போலத் தோன்றுவது உண்டு. ஒன்பதாம் அத்தியாயத்தில் யோகக்ஷேமத்தைச் சுமப்பதாகச் சொல்லும் பகவான், இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனனிடம் யோகக்ஷேமத்தைப் பற்றிய நாட்டம் அற்றவனாக இரு என்கிறார். பெறுவதும் காப்பதுமே பெரிதென்று இருப்பவனுக்கு மேலான நன்மையில் ஈடுபடுவது அரிது என்று அங்கே ஸ்ரீ சங்கரர் காரணம் கூறுகிறார். அப்படியானால் குடும்பத்தார் என்ன செய்வது? பிள்ளைகளின் க்ஷேமத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க வேண்டுமா?

ஒன்பதாம் அத்தியாய உரையில் இதற்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. மற்ற பக்தர்களின் யோகக்ஷேமத்தையும் பகவான்தானே சுமக்கிறார், பிறகு இவர்களுக்கு மட்டும் என்ன சிறப்பு என்று ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்கிறார் ஆசாரியர். உண்மைதான், எல்லோருடையதையும் அவரே சுமக்கிறார். ஆனால் மற்றவர்கள் தங்களுக்காகத் தாங்களும் யோகக்ஷேமத்தை நாடி முயல்கிறார்கள், இவர்கள் தங்களுக்காக நாடுவதில்லை என்று விடை தருகிறார். 'தனக்காக' என்ற அந்தச் சிறிய சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விடச் சொன்னது க்ஷேமத்தைக் காக்கும் செயலை அன்று. அதில் ஒளிந்திருக்கும் 'தனக்காக' என்பதை.

புள்ளியைப் பார்த்து பத்து முறை அழைக்கும் தாய், மகளின் க்ஷேமத்திற்காக அழைக்கிறாளா, தன் அச்சம் அடங்குவதற்காக அழைக்கிறாளா? இரண்டும் கலந்திருக்கும், மனித மனம் அப்படித்தான். நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையைத் தேடி ஃபோனை எடுக்க வேண்டிய மகளுக்கு அந்தப் பத்தாவது அழைப்பு க்ஷேமம் தருவதில்லை; அதுவும் ஒரு சுமைதான். அறிதல் பெருகியும் கவலை குறையாததன் காரணம் இங்கே இருக்கிறது. அச்சம் செய்தியைத் தின்று வளர்வது. எவ்வளவு போட்டாலும் போதாது. செயலில் இறங்கிய கைகளுக்கு அச்சப்பட நேரம் குறைவு. 2005இல் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவளின் மனம், பால்கனியில் சும்மா நின்றவளின் மனத்தைவிடச் சற்று இலேசாக இருந்திருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமானது வயதானவர்களின் நிலை. 1950களில் டிராம்பேயில் எண்ணெய் ஆலைகளும் அணுசக்தி ஆய்வு நிலையமும் எழுந்த காலத்திலும் அதற்குப் பின்னும் இங்கு வேலைக்கு வந்த தமிழர்கள், செம்பூரில் சிறு வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று கலிபோர்னியாவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். பெற்றோர் தனியே இருக்கும் வீட்டுக் கூடத்தில் காமிரா பொருத்தப்பட்டிருக்கிறது. மகன் அன்பினால்தான் பொருத்தினான். அதைக் குறை சொல்ல முடியாது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும், அம்மா மாத்திரை டப்பாவைத் திறப்பதும் அவனுக்கு அங்கிருந்தே தெரிகின்றன. 'நன்றாகத்தான் இருக்கிறார்கள்' என்று நிம்மதியோடு தன் வேலையைப் பார்க்கிறான். சமையலறையில் காமிரா இல்லை என்பதால் அங்கே போய் அழும் தாய்மார்கள் உண்டு என்பது அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஒரு காலத்தில் தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் ஊருக்கு மணியார்டர் போகும். 1880இல் நம் அஞ்சல் துறை தொடங்கி, 2015இல் பழைய வடிவில் நிறுத்திய சேவை அது. அந்தப் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு கட்டம் இருக்கும். நாலு வரிக்கு மேல் கொள்ளாது. 'அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கண் மருந்து வாங்கவும்' என்று தோல் பதனிடும் தொழிலாளி தன் கூலியோடு எழுதி அனுப்புவார். எழுதத் தெரியாவிட்டால் பிறரைக் கொண்டு எழுதுவிப்பார். பணம் பெற்றதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டு திரும்பி வரும். அதில் தாயின் கோணல்மாணலான கையெழுத்து, அல்லது கைநாட்டு. அந்தத் துண்டைத் தூக்கி எறியாமல் சாமி படத்தின் பின்னால் செருகி வைத்தவர்கள் பலர். பணம் போனது போலவே ஏதோ ஒன்று திரும்பியும் வந்தது. இன்று 'அனுப்பப்பட்டது' என்ற பச்சைக் குறியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த நாலு வரிக் கட்டத்தை நிரப்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பணம் அனுப்பும் நாளில் அந்த நாலு வரியைத் தொலைபேசியில் சொல்லலாமே. கண் மருந்தின் பெயரையும், மூட்டு வலி எந்தக் காலில் என்பதையும் நினைவில் வைத்திருந்து கேட்கலாமே. அதுவும் சுமத்தல்தான்; ஆயிரம் மைல் தூரத்திலிருந்தும் செய்யக் கூடியது.

தூரத்தில் இருப்பவன் தோள் கொடுக்க முடியாத தருணங்கள் வரும் என்பதும் உண்மை. இரவு இரண்டு மணிக்கு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தால், காமிராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகனால் அலற மட்டுமே முடியும். எழுப்பி உட்கார வைப்பவர் எதிர் வீட்டுக்காரர். அவர் மலையாளியாக இருக்கலாம், சிந்தியாக இருக்கலாம், மராட்டியராக இருக்கலாம். செம்பூரின் பழைய கட்டடங்களில் யார் எதிர் வீடு என்பதை யாரும் தேர்ந்துகொள்வதில்லை. மகன் அன்றாடம் காமிராவைப் பார்க்கும் நேரத்தில் வாரம் ஒரு முறையாவது அந்த எதிர் வீட்டுக்காரரை அழைத்து, 'மாமா, நீங்கள் சௌக்கியமா? ஆன்ட்டிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?' என்று கேட்பானாயின், இரு தரப்புக் குசலம் மூன்று தரப்பாக விரியும். விடுமுறைக்கு வரும்போது பெற்றோருக்கு வாங்கி வரும் பொருள்களில் ஒன்று அந்த வீட்டுக்கும் இருக்கட்டும்.

மும்பை அடுக்ககங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டுச் சாவியின் மறு பிரதியை எதிர் வீட்டில் கொடுத்து வைப்பார்கள். எதிர் வீட்டுக் கூடத்தில், சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் அது தொங்கும். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் நாலு வீட்டுச் சாவிகள் தொங்குவதும் உண்டு. எது எவருடையது என்று தெரிய ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பழைய அஞ்சல் தலை ஒட்டிய அட்டைத் துண்டு, ஒன்றில் ஒரு சிறு பிள்ளையார்.